கீமோவை நிறுத்திவிட்டு வைரஸ் சிகிச்சைக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. நான்கு கீமோ முடிந்து, விரல்கள் மரத்துப்போய்ச் சோர்ந்துவிட்டார். வைரஸையும் மற்ற மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தால் கட்டி சுருங்குகிறது என்று படித்தோம். கீமோவை நிறுத்திவிட்டு அதற்குக் காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். அடுத்த கீமோ தேதியைத் தவறவிடாதீர்கள். மரத்துப்போவது பெரும்பாலும் கீமோவில் சேரும் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தால் வருவது. சட்டைப் பட்டன் போட முடியவில்லை, செருப்பு நழுவுவது தெரியவில்லை என்றால் அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்தியும் வைக்கலாம்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. ரியோவைரஸ் என்று ஒன்று உண்டு. நம்மில் பலருக்குச் சின்ன வயதிலேயே வந்து, வந்த சுவடே தெரியாமல் போயிருக்கும். நல்ல செல்லுக்குள் அதனால் எளிதில் பெருக முடியாது. செல் வளர்ச்சியைத் தூண்டும் ராஸ் மரபணு கெட்டுப்போன புற்றுச்செல்லில் பெருகி அதை உடைக்கும். இதை வழக்கமான கீமோவோடும், கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தோடும் சேர்த்துக் கனடாவில் 103 பேரிடம் சோதித்து, முடிவை 2018-ல் வெளியிட்டார்கள். கட்டி சுருங்கியது வைரஸ் சேர்த்த குழுவில்தான் அதிகம். ஆனால் நோய் மறுபடி தலைதூக்க, வைரஸ் சேர்த்தவர்களுக்குச் சுமார் 7 மாதம், சேர்க்காதவர்களுக்கு 9 மாதம். ஆயுளும் கூடவில்லை. வைரஸ் போட்டவர்களுக்கு வழக்கமான மருந்துகள் குறைவாகவே போய்ச் சேர்ந்ததும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். கீமோவை விடாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இப்போது நீங்கள் கேட்க வேண்டியது வேறு. பயாப்ஸி எடுத்த சதைத்துண்டை மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள். அந்த பிளாக்கிலேயே எம்எம்ஆர் அல்லது எம்எஸ்ஐ பரிசோதனை (டிஎன்ஏ பிழையைச் சரிசெய்யும் அமைப்பு கட்டியில் பழுதாகியிருக்கிறதா என்று பார்ப்பது) செய்யலாம், மறுபடி ஊசி குத்த வேண்டாம். பரவிய நோயில் நூற்றில் சுமார் ஐந்து பேருக்குத்தான் அந்தப் பழுது இருக்கும். இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபிக்கு, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிமேல் ஏவிவிடும் சிகிச்சைக்கு, வழி திறக்கும். பலருக்கு அது கீமோவைவிட நெடுநாள் நோயை அடக்கி வைக்கிறது. மற்றவர்களின் கட்டிக்குள் எதிர்ப்புச் செல்கள் நுழைவதே அரிது. வைரஸைக் கொண்டு அவற்றை உள்ளே வரவழைக்க முடியுமா என்றுதான் இம்யூனோதெரபியோடு சேர்த்துச் சோதிக்கிறார்கள்.

"வைரஸ் ஊசிக்கு இத்தனை லட்சம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முறையான சோதனையில் மருந்துக்குக் காசு வாங்கமாட்டார்கள்.

எம்எம்ஆர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும், ராஸ், பிராஃப் மரபணுப் பரிசோதனை முடிவுகளோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.