கடைக்காரர் தரும் சாவி வேண்டாம்

கேள்வி: ஹட்டனில் இருக்கிறேன், வீட்டில் 4ஜி ரவுட்டர். ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்றில் வயர்கார்ட் (இணையத்தின் ஊடே பூட்டிய சுரங்கம்போல் தனிவழி போடும் மென்பொருள்) போட்டுக் கொழும்பு அலுவலகச் சேவருடன் இணைத்தேன். பிழை எதுவும் காட்டவில்லை, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. கரண்ட் போய் வந்த நாட்களில்தான் இப்படி. டவுன் கடையில் நிலையான ஐபி வாங்கச் சொல்கிறார்கள். சாவியும் அமைப்புகளும் உள்ள வயர்கார்ட் ஃபைலையும் அவர்களே செய்து தருவார்களாம்.

பதில்: காசைப் பையிலேயே வையுங்கள். நிலையான முகவரி தேவைப்படுவது அழைப்பை ஏற்கும் கொழும்பு சேவருக்கு. அழைப்பவர் நீங்கள். 4ஜி கம்பெனி ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்தாலும், வெளியே போகும் அழைப்பு போகும். சும்மா இருக்கையில் வழி மூடிவிடாமலிருக்க, ஃபைலில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 (25 விநாடிக்கு ஒருமுறை தட்டிப்பார்) என்று ஒரு வரி போதும்.

ஃபைலைக் கடையில் செய்தால் உங்கள் தனிச்சாவியின் (நீங்கள்தான் என்று காட்டும் இரகசிய எழுத்துச் சரத்தின்) நகல் அந்தக் கணினியிலும் கிடக்கும். அது வைத்திருப்பவர் உங்கள் பெயரில் அலுவலகத்துக்குள் நுழையலாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் அழியுங்கள். உங்கள் ராஸ்பெரி பையிலேயே 'டபிள்யூஜி ஜென்கீ' (ஆங்கிலச் சிறிய எழுத்தில்) தட்டினால் 44 எழுத்தில் தனிச்சாவி வரும். அதை 'டபிள்யூஜி பப்கீ'க்கு ஊட்டினால் பொதுச்சாவி. அலுவலகத்துக்குப் பொதுச்சாவியை மட்டும் அனுப்பி, பழையதை நீக்கச் சொல்லுங்கள். வேறு யாரும் படிக்காதபடி ஃபைலுக்கு 'சிமோட் 600' கொடுங்கள்.

இணைப்பைத் தொடங்கும் 'டபிள்யூஜி-குயிக் அப்' பிழை காட்டாததை நம்பாதீர்கள். மறுமுனை இருக்கிறதா என்று அது பார்ப்பதேயில்லை. 'சூடோ டபிள்யூஜி ஷோ' தட்டி, லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக் (இரு முனையும் கடைசியாகக் கைகுலுக்கியது எப்போது) என்ற வரியைத் தேடுங்கள். ஒருநாளும் வராவிட்டால் சாவி, முகவரி, போர்ட் மூன்றில் ஒன்று பிழை. வழக்கமான போர்ட் 51820, அதுவும் யூடிபி. அலுவலகத்தில் அதே எண்ணில் வேறு வகையான டிசிபியைத் திறந்துவிட்டு "திறந்தாச்சு" என்பார்கள். வரி இருந்தும் பக்கம் பாதியில் நின்றால் ஃபைலில் எம்டியூவை (ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவை) 1280 ஆக்குங்கள்.

உங்கள் கோளாறு பெரும்பாலும் கடிகாரம். பை 4க்குள் மின்கலக் கடிகாரம் இல்லை. கரண்ட் வந்ததும் கடைசியாகக் குறித்துவைத்த பழைய நேரத்திலிருந்து எழும்பும். வயர்கார்ட் ஒவ்வொரு அழைப்பிலும் நேரமுத்திரை வைக்கிறது. முந்தைய அழைப்பைவிடப் பழையதென்றால் சேவர் பதில் பேசாமல் ஒதுக்கிவிடும். யாரோ பழைய அழைப்பைப் பிடித்து மறுபடி அனுப்புகிறார்கள் என்ற சந்தேகம் அதற்கு. இணையத்தில் நேரத்தைச் சரிசெய்யலாமே என்றால், ஃபைலில் அலவ்ட் ஐபீஸ் (சுரங்கத்துக்குள் அனுப்பும் முகவரிகள்) 0.0.0.0/0, அதாவது எல்லாமே, என்று இருக்கையில் அந்த வழியும் திறக்காத சுரங்கத்துக்குள்தான் போகிறது. பையின் கடிகாரம் ஓடி ஓடிப் பழைய முத்திரையைத் தாண்டியதும் தானாகச் சரியாகும். உடனே "சிக்னல் வந்துட்டு" என்பார்கள். ஹாட்லைனில் "அணைத்துப் போடுங்கள்" என்பார்கள். பையையும் சேர்த்து அணைத்தால் கடிகாரம் மறுபடி பின்னே போகும்.

'டேட்' தட்டி நேரத்தைப் பாருங்கள். பிறகு அலவ்ட் ஐபீஸில் அலுவலக வலையமைப்பை மட்டும் போடுங்கள், உதாரணமாக 192.168.10.0/24. சரியான எண்ணை அலுவலகத்தில் கேளுங்கள். 'டபிள்யூஜி-குயிக் டவுன்', மறுபடி 'அப்'. நேரம் வெளியிலிருந்து நேரடியாக வந்துவிடும்.