எழுதியது நீங்கள்தான், ஆனால் இன்றைக்கு அந்தப் புத்தகம் யாருடையது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காசிமேட்டு வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதினேன். சுயபதிப்பு செய்து தரும் ஒரு நிறுவனத்துக்கு 500 பிரதிக்கு ரூ.75,000 கட்டினேன். 2023 செப்டம்பரில் கையெழுத்து, அடுத்த இரண்டு மாதத்தில் புத்தகம். என் கைக்கு வந்தது 120 பிரதிதான். பக்கத்துக்குப் பக்கம் பிழை. ராயல்டி ஒரு பைசா வரவில்லை. மின்நூலை சிங்கப்பூரில் இருக்கும் என் மருமகன் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்! ஒப்பந்தம் நான்கு பக்கம். ஆறாவது பிரிவில், 'இப்படைப்பின் பதிப்புரிமை பதிப்பகத்துக்கு ஒப்படைக்கப்படுகிறது' என்று இருக்கிறது. மோசடிப் புகார் கொடுக்கலாமா? வேறு அச்சகத்தில் நானே 300 பிரதி போட்டுப் புத்தகக் கண்காட்சியில் வைக்கப் போகிறேன். என் நாவலை நான் அச்சடிக்க யாரைக் கேட்க வேண்டும்?

பதில்: ஐயா, முதலில் அந்த அச்சகத்துக்கு போன் செய்து வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பிழைகளை ஒதுக்கி வையுங்கள். மோசடிப் புகாரும் நிற்காது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். அவர்கள் புத்தகம் போட்டிருக்கிறார்கள், 120 பிரதி கொடுத்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் 'இது சிவில் விவகாரம்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஆறாவது பிரிவில்தான் இருக்கிறது. எழுதியவருக்கே பதிப்புரிமை என்பது சரி. ஆனால் எழுத்து மூலம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அது கைமாறிவிடும். ஒப்படைப்புக் காலம் முடியும்வரை உங்கள் நாவலை அச்சடிக்க நீங்கள்தான் அவர்களைக் கேட்க வேண்டும்.

நான் அதிகம் பார்த்தது இந்தத் தவறைத்தான். பெரம்பூரிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். உங்களைப் போலவே கோபத்தில் மறுபதிப்பு போட்டுவிட்டார். பதிப்பகம் கோர்ட்டுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. அச்சகக்காரரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தார்கள். அவர் தன் வக்கீல் செலவை ஆசிரியரிடமே கேட்டார். உரிமை மீறல் குற்றமும் ஆகும். பதிப்புரிமைச் சட்டம் 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. கடைசியில், பதிப்பகம் தர வேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுத்துத்தான் அவர் வழக்கிலிருந்து வெளியே வந்தார். நியாயம் அவர் பக்கம் இருந்தது, அவசரத்தில் அதை எதிராளி கையில் கொடுத்துவிட்டார். கட்டுக் கட்டாக வீட்டு மாடியில் கிடந்த அந்தப் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. முகநூலில் பதிப்பகத்தைப் பெயர் சொல்லித் திட்டுவதும் இதே வகைதான். நீங்கள் நோட்டீஸ் அனுப்பும் முன்னே அவதூறு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

உங்களுக்கு நல்ல செய்தியும் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய வரியில் எத்தனை ஆண்டு, எந்த நாடு என்று இல்லை. மற்ற மூன்று பக்கங்களிலும் இல்லையென்றால், பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி அந்த ஒப்படைப்பு கையெழுத்திலிருந்து ஐந்து ஆண்டுக்குத்தான். 2028 செப்டம்பரில் நாவல் தானாக உங்களிடம் திரும்பும். எல்லை இந்தியா மட்டும். அப்படியென்றால் சிங்கப்பூருக்கு விற்க இவர்களுக்கு உரிமை எங்கிருந்து வந்தது? மருமகன் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அதுதான். அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. ஒப்படைத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை. மொழிபெயர்ப்பு, ஒலிநூல், சினிமா எதையும் அவர்கள் தொடவில்லையென்றால் அவை இப்போதே உங்களுடையவையாக இருக்கலாம்.

ஆனால் எங்காவது 'பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்று ஒரு வரி இருந்தால் கதை வேறு. அது உங்கள் ஆயுள் முழுக்க, அதற்கு மேல் அறுபது ஆண்டு.

நுகர்வோர் ஆணையம் போகலாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது சென்னை வடக்கு ஆணையத்திலேயே போடலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுக் கெடுவைப் பாருங்கள். 'விற்று லாபம் பார்க்கத்தானே அச்சடித்தார், இவர் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே கிளப்பும். அப்படியே ஜெயித்தாலும் கிடைப்பது பணம்தான், நாவல் திரும்பி வராது.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசம் செய்துகொள்ளுங்கள். ரூ.75,000-ஐ மறந்துவிடுங்கள். வக்கீல் நோட்டீஸில் சிங்கப்பூர் விற்பனையை முன்னால் வைத்து, மீதி 380 பிரதியையும் கேளுங்கள், உரிமையைத் திரும்ப ஒப்படைக்கவும் கேளுங்கள். 'புத்தகத்தை எடுத்துக்கோங்க சார்' என்று போனில் சொன்னால் போதாது, வாட்ஸ்அப்பும் போதாது. எல்லா உரிமையையும் திரும்ப ஒப்படைக்கிறோம், மின்நூலை இந்தத் தேதிக்குள் நீக்குகிறோம் என்று கையெழுத்தோடு எழுத்தில் வேண்டும். பக்க வடிவமைப்புக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அட்டைப்படம் வரைந்தவரின் சொத்தாக இருக்கலாம், அதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணிலும் அவர்களுடையதைப் போடக் கூடாது. மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் நிறுவனத்தில் உங்கள் பெயரிலேயே இலவசமாக வாங்கலாம். அந்த எண்ணுக்குப் பதிப்பகம் உங்களிடம் காசு வாங்கியிருந்தால் அதையும் நோட்டீஸில் சேருங்கள்.

மற்ற மூன்று பக்கங்களையும், பின்பக்கத்தில் பொடி எழுத்து இருந்தால் அதையும் நகலெடுத்து அனுப்புங்கள். நோட்டீஸ் அதைப் படித்த பிறகுதான்.