ஃபான்டசி ஹொக்கியில் ஏமாந்தாச்சு, பிளேஓஃப் பூலில் யாரை எடுக்கலாம்?

கேள்வி: ஒக்டோபரில் பார்த்துப் பார்த்து எடுத்த என் ஃபான்டசி ஹொக்கி அணி (வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல். வீரர்களைத் தெரிவுசெய்து, அவர்கள் எடுக்கிற புள்ளியை வைத்து நாங்கள் போட்டியிடுவது), சீசன் முடிவதற்குள் கடைசி இடத்துக்குப் போய்விட்டது. பெரிய பெயர்கள் எல்லாமே கைவிட்டுவிட்டன. இப்போது வேலையிடத்தில் பிளேஓஃப் பூல், அதாவது சீசனுக்குப் பிறகு கிண்ணத்துக்காக நடக்கிற வெளியேற்றுச் சுற்றுகளை வைத்து ஒரு ஊகப் போட்டி, போடுகிறார்கள். யாரை எடுத்தால் வெல்ல வாய்ப்பு இருக்கிறது?

பதில்:

நேரே விசயத்துக்கு வருகிறேன். பிளேஓஃப் பூலில் முதலில் அணியைத் தெரிவுசெய்யுங்கள், வீரர் பிறகு. கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என்று ஜூன் வரை ஆடும் என நீங்கள் நம்புகிற இரண்டு அணிகளை முடிவுசெய்து, பட்டியலில் முக்கால்வாசியை அந்த இரண்டிலிருந்தே நிரப்புங்கள். ஸ்காபரோவில் உறவுக்காரப் பெடியள் நடத்துகிற லீக்கிலும் வேலையிடத்துப் பூலிலும் நான் பல வருடங்களாக இருக்கிறேன். அங்கே முன்னுக்கு வருகிறவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அதற்கு முன் உங்கள் சீசனைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். கடைசி இடத்துக்குப் போனதற்கு உங்களுக்கு ஹொக்கி தெரியாது என்று அர்த்தமில்லை. டிராஃப்டில், அதாவது முறைவைத்து வீரர்களைத் தெரிவுசெய்யும்போது, நாங்கள் எல்லோரும் போன வருடத்து எண்ணைப் பார்த்துத்தான் ஆளை எடுக்கிறோம். ஆனால் அந்த எண் எங்கே, யாரோடு, எப்படி வந்தது என்று பட்டியலில் எழுதியிருக்காது.

ஜொனதன் ஹியூபர்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-22 சீசனில் புளோரிடாவுக்காக 115 புள்ளி எடுத்தார், அதில் 85 அசிஸ்ட் (கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு வழிசெய்த பாஸான அசிஸ்டுக்கும் ஒரு புள்ளி). அந்தக் கோடையில் அவரைக் கல்கரிக்கு மாற்றினார்கள். எங்கள் லீக்கில் அவரை முதல் சுற்றிலேயே எடுத்த தம்பி ஒருவன், "அண்ணை, கல்கரிக்குப் போனாலும் இவர் நூறு எடுப்பார், பாருங்கோ" என்று அடித்துச் சொன்னான். அந்த வருடம் அவருக்குக் கிடைத்தது 55. ஒரே வருடத்தில் அறுபது புள்ளி காணாமல்போனது. புளோரிடாவில் பக் (அடித்து ஆடுகிற ரப்பர் வட்டு) கிடைத்தவுடன் எல்லோரும் முன்னுக்குப் பாய்கிற ஆட்டம். பாய்கிறவனுக்குப் பாஸ் கொடுப்பதில் ஹியூபர்டோ மன்னன். கல்கரியில் டெரில் சட்டர் பயிற்றுவித்த ஆட்டம் வேறு மாதிரி: பக்கை உள்ளே தள்ளிவிட்டு, மூலையில் மல்லுக்கட்டி எடுத்து, கட்டுப்பாடாக ஆடுவது. ஹியூபர்டோவின் திறமை ஒரு கோடையில் எங்கும் ஓடிப்போகவில்லை, அது விளைகிற நிலம் மாறிவிட்டது. அவருக்குப் பதிலாகப் புளோரிடாவுக்குப் போன மத்தியூ கச்சக் அதே வருடம் 109 புள்ளி எடுத்தார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏமாற்றத்தில் இன்னொரு வகையும் இருக்கிறது. என் கணக்கில் இதைத்தான் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். வில்லியம் கார்ல்சன் 2016-17 இல் கொலம்பஸில் ஆறே கோல் அடித்தவர். அடுத்த வருடம் புதிதாகத் தொடங்கிய வேகஸ் அணிக்குப் போய் 43 கோல். அதற்கடுத்த வருடம் அந்த 43 ஐ நம்பி எடுத்தவர்களுக்குக் கிடைத்தது 24. அந்தப் பெரிய வருடத்தில் அவர் வலையை நோக்கி அடித்த ஷொட்டுகளில் 23.4 சதவீதம் கோல் ஆனது. என்.எச்.எல். இல் சாதாரணமாகப் பத்து ஷொட்டுக்கு ஒரு கோல் என்பதே வழக்கம். லியோன் டிரைசைடில் மாதிரி வருடாவருடம் அதைவிட நன்றாக மேலே நிற்கிற சிலர் இருக்கிறார்கள், ஆனால் மிகச் சிலர்தான். ஒரே ஒரு வருடம் மட்டும் சதவீதம் எகிறியிருந்தால் அடுத்த வருடம் அது இறங்கும் என்று வைத்துக்கொண்டே எடுக்கவேண்டும். அதனால் ஒக்டோபரில் கோல் எண்ணிக்கையைப் பார்க்கும்போது பக்கத்திலேயே ஷொட் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒருவர் ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் ஐஸில் நிற்கிறார், முதல் பவர் பிளே (எதிரணி வீரர் தண்டனையில் வெளியே இருக்கிற நேரம்) வரிசையில் இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். இவை கோலைப்போல வருடத்துக்கு வருடம் தாறுமாறாக ஆடுவதில்லை.

காயத்துக்கு மட்டும் மருந்து கிடையாது. ஓஸ்டன் மத்தியூஸ் 2023-24 இல் 69 கோல் அடித்தார், ரொறன்ரோவில் அந்த வருடம் அது திருவிழா. அடுத்த சீசனில் காயத்தோடு இழுத்துப் பறித்து ஆடியது 67 ஆட்டங்கள், அடித்தது 33. அவரை முதல் மூன்று தெரிவுக்குள் எடுத்தவர்களை யாரும் குறை சொல்லமுடியாது.

இனிப் பிளேஓஃப். இங்கே கணக்கே வேறு. சீசனில் எல்லா அணியும் ஒரே எண்ணிக்கையான ஆட்டம் ஆடும், அதனால் நல்ல வீரர் என்றால் நல்ல வீரர்தான். பிளேஓஃபில் 16 அணிகள், நான்கு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் முதலில் நான்கு வெற்றி எடுக்கிற அணி மேலே போகும். முதல் சுற்றிலேயே வெளியேறுகிற அணிக்கு நான்கு முதல் ஏழு ஆட்டம். இறுதிவரை போகிற அணிக்குக் குறைந்தது 16, கூடினால் 28. ஆட்டத்துக்கு 1.2 புள்ளி எடுக்கிற நட்சத்திரம் ஆறு ஆட்டத்தோடு வீட்டுக்குப் போனால் உங்களுக்கு ஏழு புள்ளி. ஆட்டத்துக்கு 0.8 மட்டும் எடுக்கிற இரண்டாம் நிலை வீரர் 22 ஆட்டம் ஆடினால் பதினேழுக்கு மேல்.

2024 இதற்கு நல்ல உதாரணம். அந்த சீசனில் புள்ளிப் பட்டியலில் முதலிடம் டம்பா பேயின் நிகிட்டா குச்சரோவ், 144 புள்ளி. எட்மன்டனின் எவன் பூஷார்ட் பின்வரிசை வீரர், 82 புள்ளி. பூலில் எல்லோரும் குச்சரோவை அள்ளினார்கள். டம்பா பே முதல் சுற்றில் ஐந்தே ஆட்டத்தில் தோற்றது. ஆட்டத்துக்கு இரண்டு வீதம் எடுத்திருந்தாலும் பத்துப் புள்ளிதான் வந்திருக்கும். எட்மன்டன் இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம்வரை போய் மொத்தம் 25 ஆட்டம் ஆடியது. பூஷார்ட்டுக்கு 32 புள்ளி, டிரைசைடிலுக்கு 31, கொனர் மக்டேவிட்டுக்கு 42, சக் ஹைமனுக்கு மட்டும் 16 கோல். பிளேஓஃபை வெல்கிற அணிக்கான ஸ்டான்லி கிண்ணத்தைப் புளோரிடா தூக்கியது, ஆனால் பூல்களை வென்றவர்கள் எட்மன்டனை மொத்தமாக எடுத்தவர்கள். மூன்று நான்கு பேரை ஒரே அணியிலிருந்து எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பவர் பிளேயில் ஒரு கோல் விழுந்தால் அடித்தவர், பாஸ் கொடுத்த இருவர் என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புள்ளி வரும்.

சரி, எந்த அணி? பட்டியலின் உச்சியில் இருக்கிற அணியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். சீசனில் ஆட்ட முடிவுகளுக்குக் கிடைக்கிற அணிப் புள்ளியை அதிகம் எடுத்த அணிக்குப் பிரசிடென்ட்ஸ் கிண்ணம் கொடுப்பார்கள். 2013 இல் சிகாகோ அதையும் ஸ்டான்லி கிண்ணத்தையும் சேர்த்து வென்றது. 2014 முதல் 2025 வரை வேறு எந்த அணியாலும் அது முடியவில்லை. 2019 இல் டம்பா பே 62 வெற்றியோடு வந்தது. அதுவரை ஒரு பிளேஓஃப் சுற்றுக்கூட வெல்லாத கொலம்பஸ், அவர்களை நான்குக்குப் பூச்சியம் என்று துடைத்துப்போட்டது. அந்த வருடம் நான்கு பிரிவுகளிலும் முதலாவதாக வந்த நான்கு அணிகளும் முதல் சுற்றோடு சரி. கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிய செயின்ட் லூயிஸ், ஜனவரி தொடக்கத்தில் முழு லீக்கிலும் கடைசி இடத்தில் இருந்த அணி.

2023 ஐப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பொஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி, இரண்டுமே என்.எச்.எல். சாதனை. எங்கள் வேலையிடத்துச் சாப்பாட்டறையில் குளிர்பெட்டிக் கதவில் பூல் தாளை ஒட்டியிருந்தார்கள், எந்த வரிசையைப் பார்த்தாலும் பொஸ்டன் பெயர்கள். எதிரே 92 புள்ளியோடு கடைசி வைல்ட் கார்ட்டாக (பிரிவின் முதல் மூன்று இடங்களுக்குள் வராமல், மிச்ச இடத்தில்) உள்ளே வந்த புளோரிடா. தொடரில் பொஸ்டன் மூன்றுக்கு ஒன்று என்று முன்னுக்கு நின்றது. பிறகு புளோரிடா இரண்டை வென்று ஏழாவது ஆட்டத்துக்குக் கொண்டுவந்தது. அதிலும் பொஸ்டன் 3-2 என்று முன்னுக்கு இருக்கும்போது, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கையில் பிரண்டன் மொன்டூர் சமன் செய்தார். ஓவர்டைமில் கார்ட்டர் வெர்ஹேகி அடித்த கோலோடு எல்லாம் முடிந்தது. அடுத்த நாள் யாரோ சிவப்புப் பேனாவால் பொஸ்டன் பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டியிருந்தார்கள், தாளில் பாதிக்கு மேல் சிவப்பு. புளோரிடா அந்த வருடம் 21 ஆட்டம் ஆடியது. கச்சக்கை எடுத்திருந்த ஒருவருக்கு அவரிடமிருந்து மட்டும் 24 புள்ளி வந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, முழு சீசன் நிலையைவிடப் பின்பாதியில் ஒரு அணி எப்படி ஆடியது, காயத்திலிருந்து யார் திரும்பியிருக்கிறார்கள், சென்ற இரண்டு மூன்று வருடங்களில் ஆழமாகப் போன அனுபவம் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்ப்பது. டம்பா பே 2020, 2021, 2022 என்று தொடர்ந்து மூன்று இறுதிப் போட்டி ஆடியது. பிறகு புளோரிடா 2023, 2024, 2025 என்று மூன்று. ஒருமுறை ஆழமாகப் போன அணி திரும்பவும் போவது நாங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது.

உங்கள் பூலில் கோலிக்கும் (கோல் காப்பாளருக்கும்) புள்ளி உண்டு என்றால், விருதைப் பார்த்து எடுக்கவேண்டாம். 2024-25 இல் வின்னிபெக்கின் கொனர் ஹெலபக், சிறந்த கோலி விருதோடு லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதையும் வென்றார். அதே வருடம் முதல் சுற்றில் செயின்ட் லூயிஸுக்கு எதிராக மூன்று ஆட்டங்களில் அவரைப் பாதியிலேயே வெளியே எடுத்தார்கள். நீங்கள் தெரிவுசெய்த இரண்டு அணிகளின் கோலிகளையே எடுங்கள். அணி போனால் கோலியும் போவார், அணி நின்றால் வெற்றிப் புள்ளி தானாக வரும்.

சில பூல்களில் வீரர் தெரிவு கிடையாது, எந்த அணி எத்தனை ஆட்டத்தில் வெல்லும் என்று மட்டும் கேட்பார்கள். இரண்டு அணியும் சரிசமம் என்று வைத்தால் தொடர் நான்கு ஆட்டத்தில் முடிய 12.5 சதவீதம், ஐந்தில் 25, ஆறிலும் ஏழிலும் தலா 31.25. ஒரு அணி கொஞ்சம் பலம் என்றால் ஆறு சற்று முந்தும். குழப்பமாக இருந்தால் ஆறு என்று எழுதுங்கள். நான்கு என்று எழுதுவது ஆவேசத்தில் செய்கிற வேலை.

ரொறன்ரோவில் இருந்துகொண்டு இதை எழுதுவதால் எங்கள் ஊர் அணியான லீஃப்ஸைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நான் லீஃப்ஸ் இரசிகன், இந்த அணி கிண்ணம் தூக்குவதை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது உண்மையான ஆசை. கடைசியாகத் தூக்கியது 1967. 2021 இல் மத்தியூஸ் 52 ஆட்டத்தில் 41 கோல் அடித்துவிட்டு வந்தார். மொன்றியலுக்கு எதிராக மூன்றுக்கு ஒன்று என்று முன்னுக்கு இருந்து தொடரைத் தோற்றோம். ஏழு ஆட்டத்தில் அவருக்கு ஒரு கோல், மிட்ச் மார்னருக்கு ஒன்றுமில்லை. ஆனால் பூலில் லீஃப்ஸைத் தவிர்க்கச் சொல்வதற்கு இந்தத் தோல்விகள் காரணமல்ல. இந்த ஊரில் எல்லோருடைய தாளிலும் லீஃப்ஸ் வீரர்கள் இருப்பார்கள். அவர்கள் நன்றாக ஆடினால் எல்லோருக்கும் ஒரேயளவு புள்ளி ஏறும், நீங்கள் முன்னுக்கு வரமாட்டீர்கள். தோற்றால் எல்லோரோடும் சேர்ந்து இறங்குவீர்கள். இருபது பேர் இருக்கிற பூலில் முதலாவதாக வரவேண்டுமென்றால், மற்றவர்கள் எடுக்காத ஒரு நல்ல அணி உங்களிடம் இருக்கவேண்டும். நீங்கள் வின்னிபெக்கில் வேலை செய்தால் ஜெட்ஸுக்கும் இதே கணக்குத்தான்.

பெட்டி முறைப் பூல் என்றால், அதாவது ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வீரரைத் தெரிவுசெய்வது என்றால், முதல் இரண்டு பெட்டிகளை யோசித்து நேரம் போக்காதீர்கள், அங்கே எல்லோரும் ஒரே ஆட்களைத்தான் எடுப்பார்கள். கடைசிப் பெட்டிகளில்தான் பூல் வெல்லப்படுகிறது. அங்கே உங்கள் இரண்டு அணிகளின் இரண்டாம் வரிசை ஆட்களும், பவர் பிளேயில் நிற்கிற பின்வரிசை வீரரும் யாரும் தொடாமல் கிடப்பார்கள்.

தாளை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். பிளேஓஃபில் அணிகள் காயத்தைப் பற்றி வாயே திறக்காது, "மேல் உடம்பில் காயம்", "கீழ் உடம்பில் காயம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். கடைசி நேரம்வரை வைத்திருந்து, முதல் ஆட்டத்து அன்று காலைப் பயிற்சியில் யார் ஐஸில் இறங்கினார்கள், முதல் பவர் பிளே வரிசையில் யார் நின்றார்கள் என்று அந்த அணியோடு பயணிக்கிற செய்தியாளர்கள் எழுதுவதைப் பார்த்துவிட்டு, தேவையான பெயரை மாற்றி அனுப்புங்கள்.