எழும்புவதற்கு முன் மூன்று வரி

அன்புள்ள அக்கா,

லண்டன் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் பரிசோதகராக வேலை செய்கிறேன். வீடு யாழ்ப்பாணம் கொக்குவிலில். கிழமையில் மூன்று நாள் அம்மம்மாவைப் பராமரிக்கப் பருத்தித்துறையில் நிற்பேன். மாதம் ஒருமுறை கொழும்புக்கு ரயில். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் அரைநாள் வேலை கெட்டுப்போகிறது. கரண்ட் போனால் ரவுட்டரும் நின்றுவிடும். போன கிழமை ரயிலில் இருந்தபடி மீற்றிங்கில் சேர்ந்தேன், பாதியில் அறுந்துவிட்டது. நேரத்தைத் திட்டமிட நல்ல செயலி ஒன்று சொல்லுங்கள். யாழ் பொது நூலகத்தில் இருந்து செய்தால் சரிவருமா? நான் சோம்பேறியாகிவிட்டேனோ என்றும் பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசி வரியை முதலில் அழியுங்கள். வயதான மனிசியைக் கிழமையில் மூன்று நாள் பார்த்துக்கொண்டு, முழுநேர வேலையும் செய்கிற பிள்ளைக்குச் சோம்பேறி என்று பேர் இல்லை. நீங்களே உங்களை அப்படிச் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

செயலி வேண்டாம். நூலகம் வாசிக்கவும் எழுதவும் நல்ல இடம், வாய் திறந்து கதைக்கிற வேலைக்கு அல்ல. இவ்வளவும் போதும், ஏனென்றால் உங்கள் அரைநாள் வேறு இடத்தில் தொலைகிறது.

பருத்தித்துறை பஸ் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். மிச்ச மூன்று மணித்தியாலம் எங்கே போனது? போய் இறங்கி, லப்டொப்பைத் திறந்து, "நான் எதில விட்டனான்?" என்று தேடுவதில் போனது. சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் கவன எச்சம் என்று சொல்லலாம். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால் மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், புதிய வேலை தரம் கெடும். அவரும் தெரேசா குளோம்பும் 2018இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு மருந்தையும் காட்டியது: விட்டுப் போகுமுன், திரும்பி வந்து எதில் தொடங்குவது என்று சுருக்கமாக எழுதிவைத்தால் அந்த ஒட்டல் குறைகிறது.

இதைத்தான் வீட்டிலிருந்து வேலை செய்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்ல நினைத்திருந்தேன். தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்குங்கள். பையைக் கட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்பு, லப்டொப் திறந்திருக்கும்போதே, மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி, எங்கே நிற்கிறேன்: "பணம் திருப்பிக் கொடுக்கும் திரை, 14ஆவது பரிசோதனை, தொகை 0 கொடுத்தால் பிழைச் செய்தி வரவில்லை." இரண்டாவது, என்ன சந்தேகம்: "கைப்பேசியில் மட்டும்தான் இப்படியோ?" மூன்றாவது, அடுத்து கை என்ன செய்ய வேண்டும்: "கணினியில் அதே கணக்கால் நுழைந்து 0 கொடுத்துப் பார்."

மூன்றாவது வரியில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். "பரிசோதனையைத் தொடர வேண்டும்" என்று எழுதி வைப்பார்கள். அது ஆசை. அதைப் பார்த்துக் கை அசையாது. எந்தத் திரை, எந்தப் பொத்தான், எந்த எண் என்று வரவேண்டும். உங்கள் வேலை தெரிந்த இன்னொருவரிடம் கொப்பியைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் அவர் தொடங்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் வரி போதாது. பக்கம் பக்கமாகவும் எழுத வேண்டாம், நாலாம் நாள் அலுத்து விட்டுவிடுவீர்கள். லப்டொப்பை மூடிய பிறகு பஸ்ஸில் எழுதலாம் என்று நினைக்கவும் வேண்டாம். திரை கண்ணை விட்டுப் போனதும் 14ஆவது பரிசோதனையா 15ஆவதா என்று மறந்துவிடும். கொப்பி ஏன் என்றால், கரண்டும் சிக்னலும் இல்லாமல் திறக்கிறது அது ஒன்றுதான்.

போய்ச் சேர்ந்ததும் மூன்றாவது வரியைச் செய்து முடித்த பிறகுதான் மின்னஞ்சல். முதலில் மின்னஞ்சலைத் திறந்தால், முதல் நாள் இரவு லண்டனில் யாரோ கேட்டது உங்கள் காலமையைத் தின்றுவிடும்.

காலமையைப் பற்றி ஒரு ஏச்சும் இருக்கிறது. கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணித்தியாலம் பின்னுக்கு. அவர்கள் 9 மணிக்கு வந்து உட்காரும்போது உங்களுக்குப் பின்னேரம் 1.30. அதுவரை ஒருவரும் உங்களைக் கூப்பிடப் போவதில்லை. இப்படி ஒரு அமைதி லண்டனில் இருப்பவருக்கே கிடையாது. அதைக் கொண்டுபோய்ப் பஸ்ஸில் விடுகிறீர்களே! முதல் நாள் வேலை முடிந்ததுமே பருத்தித்துறைக்குப் போய்விடுங்கள். காலமை 6 முதல் 10 வரை கடினமான பரிசோதனை, பிறகு சமையலும் அம்மம்மாவும், 1.30 முதல் 5.30 வரை லண்டனோடு கதைக்கிற அலுவல். எட்டு மணித்தியாலம் ஆயிற்று. இரவு ஒன்பதரை வரை அவர்களோடு இழுபடத் தேவையில்லை. அந்த நாலு மணித்தியாலம் போதுமா என்று மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ரயிலில் மீற்றிங் வைத்தது விசர் வேலை. வேறு சொல் இல்லை. ஓடுகிற ரயிலில் கைப்பேசி ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். வவுனியா தாண்டிய காட்டுப் பகுதியில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். குரல் மட்டும் என்றால் நொடிக்கு 100 கிலோபிட் அளவில் ஓடும், தெளிவான படத்தோடு கூட்டம் என்றால் 2 மெகாபிட் அளவில் கேட்கும். அன்றைக்கு வரமாட்டேன் என்று முதலே சொல்லுங்கள். தேவையான ஆவணங்களை முதல் நாள் இரவே இறக்கி வைத்து, ரயிலில் பரிசோதனைப் பட்டியல் எழுதுங்கள்.

ரவுட்டருக்குச் சின்ன யூ.பி.எஸ். ஒன்று வாங்குங்கள், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுக்கிற பற்றரிப் பெட்டி அது. வாங்குமுன் ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: சிலது 9 வோல்ற், சிலது 12. மாறிப் போட்டால் வேலை செய்யாது, அல்லது ரவுட்டர் எரியும். ரவுட்டரில் செருகுகிற முளையின் அளவும் பொருந்த வேண்டும். பெட்டியில் 10,400 மில்லி அம்பியர்-மணி (mAh) என்று இருந்தால் அது 3.7 வோல்ற் கணக்கு, 10.4ஐ 3.7ஆல் பெருக்கினால் 38 வாற்-மணி. மாற்றும்போது வீணாவது போக 32 என்று வையுங்கள். 8 வாற் இழுக்கிற ரவுட்டர் நாலு மணித்தியாலம் ஓடும். ஃபைபர் இணைப்பென்றால் சுவரில் இருக்கிற பெட்டி ரவுட்டரிலிருந்து தனியானதா என்றும் பாருங்கள். தனியென்றால் அதற்கும் கரண்ட் வேண்டும். ரவுட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, "யூ.பி.எஸ். பழுது" என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்கிறவர்கள் நிறையப் பேர்.

அம்மம்மா வீடு பழைய கல்வீடென்றால் தடித்த சுவர் ரவுட்டரின் 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலையை விடாது. அறைக்குள் 2.4இல் இணையுங்கள், அல்லது ரவுட்டரை நடு மண்டபத்தில் தலை உயரத்தில் வையுங்கள். மேற்கு விறாந்தையில் பின்னேரம் உட்கார வேண்டாம். வெயிலில் லப்டொப் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அம்மம்மாவிடமும் நேரத்தைச் சொல்லி வையுங்கள். "வேலையா இருக்கிறன்" என்றால் அவருக்கு விளங்காது, நீங்கள் கண்ணுக்கு முன்னால்தானே இருக்கிறீர்கள். "பத்து மணிக்கு எழும்பி வந்து தேத்தண்ணி போடுவன்" என்று சொல்லுங்கள், அதேபோல் பத்துக்கு எழும்புங்கள். இரண்டு நாள் தவறினால் மூன்றாம் நாள் எட்டு மணிக்கே கூப்பிடுவார், அதில் அவர் பிழை ஒன்றும் இல்லை.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு லண்டனில் மணி மாறும். பின்னேரம் 2 மணிக்கு இருக்கிற மீற்றிங் 3க்குப் போகும். அம்மம்மாவின் மருந்து நேரத்தோடு அது முட்டுகிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா