ஷெல்லி ஃபேபரே நடிகையா, பாடகியா?

நடிகை என்றுதான் சொல்வேன். 1944-இல் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் பிறந்தவர். (பெயரின் கடைசி ‘எஸ்’ ஒலிக்காது, பலரும் ‘ஃபேபரஸ்’ என்றே படித்துவிடுகிறார்கள்.) 1958-இல் தொடங்கிய ‘டோனா ரீட் ஷோ’ தொடரில் மூத்த மகள் மேரியாக வந்து அமெரிக்க வீடுகளுக்குப் பழகிய முகமானார்.

பாட்டு அவர் தேடிப் போனதல்ல. தனக்குப் பாட வராது என்று தயங்கியவரைத் தொடரின் தயாரிப்பாளர்தான் விடாமல் பாட வைத்தார். பின்னணி பாடிய ‘பிளாசம்ஸ்’ பெண்களின் குரல்வளத்தைக் கேட்டதும் இன்னும் மிரண்டுபோனாராம். அப்படிப் பதிவான ‘ஜானி ஏஞ்சல்’ 1962 ஏப்ரலில் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது! அந்த உயரத்தை அவருடைய வேறெந்தப் பாடலும் தொடவில்லை.

பிறகு எல்விஸ் பிரெஸ்லியுடன் மூன்று படங்கள். 1989 முதல் 1997 வரை ஒளிபரப்பான ‘கோச்’ தொடருக்காக இருமுறை எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.