ஊதா எல்ம் பச்சையாகிவிட்டது: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். ஏப்ரல் கடைசியில் இணையத்தில் ஒரு நர்சரியிடம் 120 பவுண்டு கொடுத்து 'பர்ப்யூரியா' எல்ம் கன்று ஒன்று வாங்கினேன். அபூர்வ ரகம், வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை ஊதா இலை என்று எழுதியிருந்தார்கள். படத்திலும் மரம் முழுக்கக் கத்தரிக்காய் நிறம். வந்தபோது தளிர் ஊதாவாகத்தான் இருந்தது. ஜூலையில் பார்த்தால் சாதாரணப் பச்சை! வேறு மரத்தை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: மரம் அசலாகவே இருக்கலாம். பொய் சொன்னது விளம்பரம்தான். மாந்தளிரை நினைத்துப் பாருங்கள்: செம்பு நிறத்தில் பளபளவென்று விரியும், சில வாரத்தில் பச்சையாகிவிடும். ஊதா எல்மும் அந்த ஜாதி. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பியத் தோட்டங்களில் உள்ள இந்த ரகத்தில் ஊதா என்பது இளந்தளிரில் மட்டும்தான், கோடையில் கரும்பச்சை. கிளை நுனியில் இப்போது புதிதாக விரியும் இலை இருந்தால் பாருங்கள். அதில் ஊதாச் சாயல் தெரிந்தால் ரகம் சரிதான். ஒட்டுக்கன்றாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தளிர்களைக் கிள்ளிவிடுங்கள், அவை அடிக்கன்றுடையவை.

சரி, பணம். காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் 14 நாளும், பொருளை நிராகரித்து முழுப் பணம் கேட்கும் 30 நாளும் போய்விட்டன. அதற்காகக் கை கட்டி நிற்க வேண்டாம். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும். முதல் 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. வழக்கமாக முதலில் மாற்றுப் பொருள் கேட்க வேண்டும். ஆனால் எந்தக் கன்றைத் தந்தாலும் ஜூலையில் பச்சைதானே! எனவே விலைக்குறைப்பு, அல்லது திருப்பிக் கொடுத்துப் பணம் என்று எழுத்தில் கேளுங்கள். 'இலையுதிர்காலம் வரை' என்ற அந்த வரியை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளை அது காணாமல் போகலாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் இன்னும் நல்லது: 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்குக் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு.

நானாக இருந்தால் பாதிப் பணம் வாங்கிக்கொண்டு மரத்தை வைத்துக்கொள்வேன். ஆனால் ஒன்று: 1960-களின் இறுதியில் வந்த டச்சு எல்ம் நோய் பிரிட்டனில் இரண்டரைக் கோடி எல்ம் மரங்களுக்கு மேல் கொன்றது. மரப்பட்டை வண்டு பரப்பும் பூஞ்சை அது, இன்னும் ஓயவில்லை. கன்று சிறிதாக இருக்கும்வரை வண்டு பெரிதாகச் சீண்டாது. மரம் வளர்ந்து பட்டை தடிக்கும்போதுதான் சிக்கல். பொட்டியில் தாவரப் பாஸ்போர்ட் என்ற தாவர நலச் சீட்டு வந்ததா என்றும் பாருங்கள். இணைய விற்பனையில் எல்ம் கன்றுக்கு அது கட்டாயம்.

கோடை முழுக்க ஊதா வேண்டுமென்றால் ஊதா பீச் (beech மரம், பழம் தரும் peach அல்ல), 'கிரிம்சன் கிங்' மேப்பிள் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் பெரிதாக வளரும், சின்னக் கொல்லைக்கு ஆகாது. அதற்கு 'ராயல் பர்ப்பிள்' ஸ்மோக் புஷ் என்ற புதர்ச்செடி போதும்.

கேள்வி: ஊதா எல்ம் விதை, பத்து விதை 3 பவுண்டு என்று வெளிநாட்டிலிருந்து விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த மாதிரி ரகத்தை ஒட்டுக்கட்டியோ பதியன் போட்டோதான் பெருக்குவார்கள், விதையில் தாய் மரத்தின் குணம் அப்படியே வராது. நம் ஊர் ஆயா மரமும் எல்ம் குடும்பம்தான்; அதன் விதை போலவே எல்ம் விதையும் மெல்லிய சிறகோடு காற்றில் பறக்கும், உதிர்ந்த சில வாரத்தில் முளைப்புத்திறன் போய்விடும். கப்பலேறி வருவதற்குள் அது வெறும் சருகு.