காசு கேளுங்கள்: இரண்டு பக்கமும் ஒரே தலை

கேள்வி: ஏலப் பட்டியல் ஒன்றில் ரோமானிய வெள்ளிக்காசின் படம் பார்த்தேன். ஒரு பக்கம் தலை புடைப்பாக இருக்கிறது. மறுபக்கம் அதே தலை இடவலம் மாறி, குழிவாக இருக்கிறது. போலியா?
வாசகர், ஈரோடு

பதில்: இதிலும் போலி உண்டு, ஆனால் பிழை நிஜமாகவே நடந்ததுதான். சேகரிப்பாளர்கள் இதைப் 'பிராக்கேஜ்' என்பார்கள். தலை செதுக்கிய அச்சு கீழே பட்டடையில் பதிந்திருக்கும். பின்பக்க அச்சை மேலே பிடித்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். அடித்த காசு சில சமயம் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் அடுத்த வெள்ளி வில்லையை வைத்து அடித்தால், ஒட்டிய காசின் தலையே புதுக் காசின் முதுகில் குழிவாக இறங்கிவிடும். ஒட்டுவது பெரும்பாலும் மேல் அச்சில் என்பதால்தான் இப்படித் தலையே இரண்டு பக்கமும் வருகிறது.

குழிவைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கூர்மையாக இருந்தால் ஒட்டியவுடன் அடித்த காசு. அடி விழ விழ ஒட்டிய காசு நசுங்கிப் பரவும். அடுத்தடுத்த காசுகளில் முகம் பெருத்து மங்கிப்போகும். ரோம் தன் இத்தாலியக் கூட்டாளிகளோடு போரிட்டுக்கொண்டிருந்த கி.மு. 90-இல், நாணய அதிகாரி பிசோ ஃப்ரூகி பெயரில் தினாரியஸ் என்ற வெள்ளிக்காசுகளை அடித்துத் தள்ளினார்கள். அந்த வேகத்தில் யார் திருப்பிப் பார்ப்பது? எனக்கு மாசற்ற காசைவிட இதுதான் பிடிக்கும். முகம் எல்லாக் காசிலும் கிடைக்கும். பட்டறைக்காரன் அசந்த நொடி இதில்தான் கிடைக்கும்.

கேள்வி: என் காசில் தலை பாதி வெளியே போயிருக்கிறது. விலை கூடுமா?
வாசகி, மதுரை

பதில்: குறையத்தான் செய்யும். இயந்திரத்தில் அடித்த இக்காலக் காசில் அது அபூர்வம். கையால் அடித்ததில் சர்வசாதாரணம். பேரரசர் பெயர் விளிம்புக்கு வெளியே போயிருந்தால் இன்னும் மோசம். இரண்டு முறை அடிபட்டு மூக்கு இரண்டாகத் தெரிந்தால் மட்டும் கேட்பவர்கள் உண்டு.

கேள்வி: புதுக்கோட்டைப் புதையலின் ரோமானியப் பொற்காசுகளில் முகத்தின் குறுக்கே கோடு இருக்கிறதே, அதுவும் அச்சுப் பிழையா?
வாசகர், திருச்சி

பதில்: இல்லை. 1898-இல் கிடைத்த அந்த 501 காசுகளில் பெரும்பாலானவற்றின் தலையில் உளி வெட்டு இருக்கிறது. அச்சடித்த பிறகு வேண்டுமென்றே போட்ட வெட்டு அது. இனிச் செல்லாது என்று காட்டத்தான் என்பது பலர் கருத்து. அப்படி வெட்டிய காசைப் பிழைக்காசு என்று யாராவது விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.